எங்கே நிற்க வைத்தாலும் ஆடுகிறவன்

கேரளாவில் ரப்பர் தோட்ட வேலையை விட்டுவிட்டுப் புதூர்நாட்டுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு இருபத்திநாலு வயது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு ஜீப் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மலைக்கும் திருப்பத்தூருக்கும் இடையே ஆள் ஏற்றுகிறவர். அப்போதுதான் ஆரம்பித்திருந்த எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்புக்கு அவர்தான் கேப்டன். வெளியூர் ஆட்டங்களுக்குப் போக வண்டி வேண்டும், வண்டி அவரிடம் இருந்தது, அதனால் கேப்டன் ஆக்கியிருந்தார்கள். ஆடவும் ஆடுவார், குறை சொல்ல முடியாது.

"நீ கேரளாவுல ஃபுட்பால் ஆடினியாமே?" என்று கேட்டார்.

"ஆடினேண்ணா."

"எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயும் ஆடியிருக்கேண்ணா."

நான் சொன்னது பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் அறுத்த வயலில் ஆடுவார்கள். நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். யாருக்காவது கால் பிசகினாலோ, யாராவது பாதியில் பீடி பிடிக்கப் போனாலோ என்னைக் கூப்பிடுவார்கள். போனவன் நின்ற இடத்தில் போய் நிற்பேன். அவன் திரும்பி வந்தால் நான் வரப்புக்குத் திரும்புவேன். இரண்டு வருடத்தில் இப்படி எல்லா இடத்திலும் நின்றாகிவிட்டது. இந்த விவரத்தையெல்லாம் கேப்டன் கேட்கவில்லை. பின் சீட்டுப் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? கேரளாவுல எல்லா எடத்துலயும் ஆடினவனாம்" என்றார்.

பின் சீட்டில் இருந்தவர் எங்கள் கோல்கீப்பர். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தார். முறம் மாதிரி கைகள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோல்ல மட்டும் நிக்காத. அது என் எடம்" என்றார்.

எனக்கு ஆசை எல்லாம் நடுவில் ஆடத்தான். பந்து முன்னே போனாலும் பின்னே வந்தாலும் நம் வழியாகத்தான் போக வேண்டும். கேப்டனும் எட்டாம் நம்பர் பனியனைக் கொடுத்து, "நீ ஹாஃப்" என்றார். எங்கள் பக்கத்தில் நடுவில் ஆடுகிறவனை ஹாஃப் என்றுதான் சொல்வோம். அந்த பனியனை அன்று ராத்திரியே துவைத்துக் காயப்போட்டேன். போடாத பனியனை ஏன் துவைக்கிறாய் என்று அம்மா கேட்டாள்.

முதல் ஆட்டத்தில் ஹாஃபில் ஏழு நிமிடம் இருந்திருப்பேன். எங்கள் லெஃப்ட் பேக் அன்று வரவில்லை. மாசி மாதம், அவன் புளி உலுக்க மரத்தில் ஏறியிருந்தான். "ஆளு வர்ல. நீ கொஞ்சம் பேக்ல நில்லு" என்றார் கேப்டன். அந்தக் கொஞ்சம், புளி முடிகிற வரைக்கும் நீண்டது. ஆனியில் பலா இறங்க ஆரம்பித்ததும் ரைட் விங் ஆடுகிறவன் பழத்தை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான். நான் ரைட் விங்குக்குப் போனேன். சாமை விதைப்புக்கு, கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கிற ஸ்டாப்பர் போனான், நான் ஸ்டாப்பர் ஆனேன். எந்த மாதம் எந்த இடத்தில் ஆடுவேன் என்பதைக் கொல்லையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். என் கொல்லையிலும் அதே வேலை இருந்தது. அதை விடியற்காலையில் எழுந்து முடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் பதிலாக ஆடப் போவேன்.

எங்கள் மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சாமை விளைந்த மேட்டுக் கொல்லை. மேற்குப் பக்கத்து கோல் மேட்டில், கிழக்குப் பக்கத்து கோல் பள்ளத்தில். இடது கோட்டுக்கு உள்ளேயே ஒரு பலா மரம் நின்றது. மரத்தை வெட்டக் கூடாது என்ற பேச்சில்தான் கொல்லைக்காரர் இடத்தையே விட்டிருந்தார். அதனால் பந்து மரத்தில் பட்டால் ஆட்டம் தொடரும், காயில் பட்டால் நிற்கும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். கொல்லைக்காரர் மரத்தடியிலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். அவர் கைதூக்கினால் நடுவர் விசில் ஊதித்தான் ஆக வேண்டும். லெஃப்ட் விங் ஆடிய காலத்தில் நான் பந்தை மரத்தில் அடித்து, எதிராளியைத் தாண்டி ஓடி, திரும்பி வருகிற பந்தை வாங்கிக்கொள்வேன். எங்கள் டீமில் ஒரு தடவையும் தப்பாகப் பாஸ் கொடுக்காதது அந்த மரம் ஒன்றுதான்.

கோலில் நிற்காதே என்று சொன்ன கோல்கீப்பரே ஒரு நாள் வரவில்லை. ஊரில் கல்யாணம், டீக்கடையை விட்டு நகர முடியவில்லை. காவலூர்ப் பக்கத்து டீம் வந்திறங்கிவிட்டது. கேப்டன் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்காமல் கோலுக்குப் போனேன். முதல் பாதியில் எங்களுக்குப் பள்ளத்துக் கோல். பந்தை வைத்து ஓங்கி உதைத்தேன். அது மேட்டில் ஏறியது, மெதுவானது, நின்றது, பிறகு திரும்பி என்னை நோக்கியே உருண்டு வந்தது. ஆட்கள் எல்லோரும் முன்னே ஓடிப் போயிருந்தார்கள். எதிர் டீம் ஃபார்வர்ட் ஒருவர் மட்டும் அதன் பக்கத்திலேயே நிதானமாக நடந்து வந்தார். கிட்டே வந்ததும், "கஷ்டமான கிரவுண்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளினார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்த ஒருவருடைய தங்கையைத்தான் பிறகு எனக்குப் பெண் கேட்டுப் போனோம். எல்லோரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம், "நீங்க எந்த எடத்துல ஆடுவீங்க?" என்று கேட்டார்.

"எங்க வேணாலும் ஆடுவேங்க."

"அப்பன்னா எந்த எடமும் செரியா வராதுன்னு அர்த்தம்" என்றார் அவர், கோபம் இல்லாமல். உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. சிரித்தது பெண்தான் என்று கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்து வரும்போதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னா மாமா, இன்னிக்கி எங்க நிக்க வெச்சாங்க?" என்பதுதான். ஜெயித்தோமா தோற்றோமா என்பது அப்புறம்.

இப்படி ஏழெட்டு வருடம் போயிற்று. ஃபார்வர்டில்கூட ஆடினேன். ஆனால் ஒரு கோல்கூட நான் போட்டதில்லை. ஒரு இடம் பிடிபட்டு, கோல் போடலாம் என்று தோன்றுகிற நேரத்தில் அந்த இடத்துக்காரன் திரும்பி வந்துவிடுவான்.

சந்தவாசலில் டோர்னமென்ட் நடந்தது ஓர் ஆடி மாதத்தில். ஆடுகிற பதினோரு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுமாக ஜீப்பில் பதினாறு பேர் போனோம். முதல் ஆட்டமே அடிவாரத்து ஊர் ஒன்றோடு. நேரமாகியும் அவர்களில் ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். மிச்ச ஆட்கள் வந்த வேன் படவேட்டில் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாம். எட்டுப் பேராவது இருந்தால்தான் ஆட்டம், இல்லாவிட்டால் மலைக்காரர்கள் ஜெயித்ததாக அறிவித்துவிடுவோம் என்றார்கள் நடத்துகிறவர்கள்.

நாங்கள் சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டோம். கேப்டனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஆடாம ஜெயிச்சிட்டு மலைக்குப் போனா இன்னாடா சொல்றது? அவங்களுக்கு ஒரு ஆளு குடுப்போம். எட்டுப் பேருதான, அடிச்சிடலாம்" என்றார். யாரைக் கொடுப்பது என்று அவர் கேட்கக்கூட இல்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். நடத்துகிறவர்களும் அவர்களுக்குள் பேசிவிட்டுச் சரி என்றார்கள்.

அந்த டீமின் பச்சை பனியன் எனக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவர்களுடைய கேப்டன் மீசை கூட சரியாக முளைக்காத பையன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, ரொம்ப தேங்க்ஸுங்க. நீங்க எங்க ஆடுறீங்க?" என்று கேட்டான்.

அத்தனை வருடத்தில் ஆட்டம் ஆரம்பிக்கும் முன் என்னிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை.

"நடுவுல ஆடுறேன் தம்பி" என்றேன்.

அன்று எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எதிரே நின்ற பத்துப் பேருடைய இடத்திலும் நான் நின்றிருந்தேன். குதிகாலில் பழைய முள் காயம் இருப்பதால் ஸ்டாப்பர் வலது பக்கம் திரும்ப யோசிப்பான் என்பது எனக்குத் தெரியும். கோல்கீப்பர் பந்தைப் பார்த்ததும் நாலடி முன்னே வந்துவிடுவார் என்பதும் தெரியும். எங்கள் மேட்டு மைதானத்தில் அது சரி, பந்து ஏறி வந்து மெதுவாகிவிடும். சந்தவாசல் மைதானமோ தட்டு மாதிரி சமம். அங்கே முன்னே வராதீர்கள் என்று ஜீப்பில் வரும்போது நானே அவருக்குச் சொல்லியிருந்தேன்.

இருபது நிமிடம் போன பிறகு நடுவில் பந்து கிடைத்தது. ஸ்டாப்பரின் வலது பக்கமாகப் போனேன். அவன் யோசித்தான். கோல்கீப்பர் நாலடி முன்னே வந்தார். பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். அது உள்ளே போய் வலையில் விழுந்த பிறகும் அவருடைய பெரிய கைகள் மேலேயே நின்றன.

கோல் விழுந்தால் எங்கள் ஆட்களைக் கட்டிப்பிடிப்பது என் வழக்கம். அந்தப் பழக்கத்தில் கையை விரித்துக்கொண்டு ஓடினேன். முன்னால் இருந்தவர் எங்கள் கோல்கீப்பர்.

"கிட்ட வராத" என்றார்.

மைக்கில் ஒருவர், "மலையிலிருந்து இறங்கி வந்து நம்ம பசங்களுக்காக உயிரக் குடுத்து ஆடும் அண்ணன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் கேப்டன் இடுப்பில் கை வைத்து மைக் செட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இடைவேளையில் வேன் வந்து சேர்ந்தது. பச்சை பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தேன். யாரும் எனக்குத் தண்ணீர் நீட்டவில்லை. கேப்டன் மட்டும் வாயைத் திறந்தார். "ஃபார்வர்டுக்குப் போ. நீதான போட்ட, நீயே எறக்கு."

அந்தக் கோலை இறக்க, பதிலுக்கு ஒன்று போட, என்னால் முடியவில்லை. என்னைச் சுற்றி மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள். நான் எப்படி ஆடுவேன் என்பது முதல் பாதியில் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்துபோயிருந்தது. ஒன்றுக்குச் சைபர் என்று தோற்றோம். அதோடு விட்டிருக்கலாம். சிறந்த ஆட்டக்காரர் என்று என் பேரைக் கூப்பிட்டு ஒரு சில்வர் குண்டான் கொடுத்தார்கள். எதிர் டீம் கைதட்டியது.

திரும்பும்போது ஜீப்பில் பதினாறு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் மடியில் குண்டானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடு ஏறி வளைவுகள் ஆரம்பித்ததும் கோல்கீப்பருக்கு முகம் வெளுத்தது. அவருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, எப்போதும் ஓரத்து சீட்டில்தான் உட்காருவார். அன்று என் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று நடுவில் போய் உட்கார்ந்திருந்தார். திடீரென்று எனக்கு நேராகக் கை நீட்டினார். நான் குண்டானைக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "தூக்கித்தான் போடுவன்னு தெரியும்டா. காலு கேக்கல" என்றார்.

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு ஸ்டாப்பர் சிரித்தான். கேப்டன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி குண்டானை வாங்கவே இல்லை. "அத்த அப்பிடியே மாட்டுக் கொட்டாய்ல வெச்சிடு மாமா" என்றாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பச்சை பனியன் கேப்டன் போன் செய்தான். அவர்களோடு வந்து ஆடச் சொன்னான். நடு இடம் எனக்கே, வருடம் முழுக்க, யாருக்காகவும் மாற்ற மாட்டோம் என்றான். மனைவியிடம் சொன்னேன்.

"போயேன். இன்னா நஷ்டம்? இங்க உன்ன ஆணி புடுங்குன எடத்துலல்லாம் சொருகுறாங்க" என்றாள்.

நான் போகவில்லை. போனால் இரண்டு பஸ் மாற வேண்டும் என்று அவளிடம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. பச்சை பனியனோடு நின்ற அந்த அரை மணி நேரத்தில் நான் நன்றாக ஆடினேன், ஆனால் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே யாருடைய தப்பும் எனக்குப் பழக்கமில்லை.

ஆனாலும் அந்த போனை வீணாக்க மனசு வரவில்லை. கேப்டனைத் தேடிப் போனேன். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம்தான் பேசினேன்.

"அண்ணா, சந்தவாசல் பக்கம் கூப்பிடுறாங்க. நடு எடம் எனக்கேன்னு சொல்றாங்க."

ஒரு கை வெளியே வந்தது. "அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பானர எட்றா."

எடுத்துக் கொடுத்தேன். எதையோ இறுக்குகிற சத்தம் கேட்டது.

"போறியா?"

"போவல. ஆனா எனக்கும் ஒரு எடம் வேணும்ணா. எட்டு வருசமா எட்டாம் நம்பர் போட்டுக்கினு எல்லாரு எடத்துலயும் நிக்குறேன்."

ஸ்பானர் வெளியே வந்தது. "செரி. இந்த வருசம் பூரா ஹாஃப் உனுக்குத்தான். யாரு வர்லன்னாலும் உன்ன மாத்தல. போதுமா?"

போதும் என்றேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் பனியனைத் துவைத்தேன்.

முதல் ஆட்டத்தில் லெஃப்ட் பேக் கொஞ்சம் முன்னே போய்விட்டான். அவன் இடம் காலியாகக் கிடந்தது. என் கால் தானாக அங்கே போய்விட்டது. அவன் திரும்பி ஓடி வந்து என் மேலேயே மோதினான், இரண்டு பேரும் பலா மரத்தடியில் விழுந்தோம். கொல்லைக்காரர் கைதூக்கினார். இரண்டாவது ஆட்டத்தில் விங்குக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே இங்கும் அங்கும் ஓடி, நடுவில் பந்து வந்தபோதெல்லாம் நான் அங்கே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் கோல்கீப்பர் பந்துக்காக வெளியே வந்தார். நான் போய் கோலுக்குள் நின்றுகொண்டேன்.

"டேய், இன்னாடா பண்ற இங்க?" என்று கேட்டார் அவர்.

"காலியா இருந்துச்சிண்ணா."

மனைவி அன்று ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவளாகவே பேச்சை எடுத்தாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. பந்து இருக்குற எடத்துல மட்டும் நீ இல்ல. மிச்சம் எல்லா எடத்துலயும் இருந்த."

அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கேப்டனிடம் போய், என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழம பேக்ல நில்லு. அவன் மாமியார் வூட்டுக்குப் போறான்" என்றார். எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

அதற்குப் பிறகும் வருடங்கள் போய்விட்டன. இன்றைக்கு எனக்கு நாற்பது நெருங்குகிறது. வேறு கிளப்பில் ஆடியது அந்தச் சந்தவாசல் அரை மணி நேரம்தான். என் கணக்கில் இருக்கும் ஒரே கோலும் அந்த அரை மணி நேரத்தில் போட்டதுதான். வலது முட்டி அவ்வப்போது வீங்கும். ஊசி போடுகிற நர்ஸ் அம்மா, "ஓடாதீங்க, நடங்க" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டாப்பராக ஆடும்போது அவர் சொன்னபடியே நடக்கிறேன்.

போன பொங்கலுக்குக் காவலூரில் ஒரு ஆட்டம். வழக்கம்போல பனியன் மாட்டிக்கொண்டு, எந்த இடம் காலி என்று எண்ணிப் பார்த்தேன். என்னை விட்டே பதினோரு பேரும் வந்திருந்தார்கள். மறுபடியும் எண்ணினேன். மாமியார் வீட்டுக்காரன்கூட வந்திருந்தான். என் வாழ்க்கையில் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. கேப்டன் என் பக்கம் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கி நீ உக்காரு" என்றார்.

எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. முதலில் கோட்டோரமாக நின்றேன். பிறகு நடந்தேன். லெஃப்ட் பேக் முன்னே போனபோது என் கால் கோட்டைத் தாண்டிவிட்டது, லைன்ஸ்மேன் என்னைப் பின்னுக்குத் தள்ளினார். கடைசியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, வெளியிலிருந்து எங்கள் டீமைப் பார்த்தேன். இத்தனை வருடமும் எங்கள் ஆட்டத்தை நான் உள்ளே இருந்துதான் பார்த்திருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு மோசமாக இல்லை. கேப்டனுக்குத் தொப்பை போட்டிருந்தாலும் பந்தை நிறுத்துகிற விதம் அழகாக இருந்தது. ஸ்டாப்பர் வலது பக்கம் திரும்பும்போது இன்னும் யோசித்தான். கோல்கீப்பர் நாலடி முன்னே வந்து நின்றார். பின்னே போங்க என்று கத்தினேன், அவருக்குக் கேட்கவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்தத் தோல்வியில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். கோல் போஸ்ட்டில் கட்டியிருந்த வலை எங்களுடையது, அவிழ்க்க ஆள் இல்லை. நான் போய் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தேன். பாதியில் கோல்கீப்பர் வந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக அதை மடித்தோம்.